வெளிப்பக்கமாகத் திறக்கும் சின்னக் கதவு

நாகமலை புதுக்கோட்டை,
13.11.2004, சனிக்கிழமை.

என் செல்ல மகள் ஐரினுக்கு அம்மாவின் அன்பு முத்தங்கள். டப்ளின் குளிரிலும் ஆஸ்பத்திரி வேலையிலும் மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றுவாள் என்ற நம்பிக்கையில் இருக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் ஆண்டவர் புண்ணியத்தில் குறை சொல்ல முடியாதபடி இருக்கிறோம், ஆனாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரையை டாக்டர் பாதியாகக் குறைத்துவிட்டார். அதை என்னவோ டிபார்ட்மென்ட் பரீட்சையில் பாஸான மாதிரி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார், கூடவே கருவாட்டுக்கும் அடிபோடுகிறார், நான் காது கேளாத மாதிரி இருந்துகொள்கிறேன். என் முழங்கால் அப்படியேதான். சென்னையில் உன் அண்ணன் ஆலன் வீட்டில் எல்லோரும் சுகம், குழந்தைக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதாம், போட்டோ அனுப்பியிருக்கிறான். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு வசுந்தரா ஒரு தூக்குச்சட்டி நிறையப் பலகாரம் கொடுத்தனுப்பினாள், அதில் முக்கால்வாசியை அப்பா எனக்குத் தெரியாமல் தின்றார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். மழை விட்டு விட்டுப் பெய்கிறது, துணி காய்வதில்லை.

ஞாயிறுதோறும் போன் பண்ணுகிறோமே, அம்மா எதற்காகத் தபால் செலவு பண்ணி இவ்வளவு நீளமாக எழுதுகிறாள் என்று நீ நினைப்பாய். போனில் சொல்லிவிடலாம் என்றுதான் இரண்டு ஞாயிறு ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ சாப்பிட்டாயா, சால்வை போட்டுக்கொள்கிறாயா என்று கேட்டுவிட்டு அப்பாவிடம் கொடுத்துவிட்டேன், வாய் வரவில்லை. நான் ஒரு தப்பு செய்துவிட்டேன் ஐரின். தெரியாமல் செய்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அதுவும் உண்மை இல்லை என்று பின்னால் உனக்கே தெரியும். அதைச் சரிசெய்ய நான் செய்ய வேண்டியது ஒரே ஒரு காரியம், ஒரு நிமிஷ வேலை. போன ஞாயிறு அதைச் செய்யத்தான் போனேன், செய்யாமல் திரும்பி வந்துவிட்டேன். நாளைக்கு மறுபடியும் ஞாயிறு. உன்னிடம் சொல்லிவிட்டால் அப்புறம் பின்வாங்க முடியாது என்று உட்கார்ந்து எழுதுகிறேன், மூன்று தாள் கிழித்துப் போட்டாயிற்று.

நம் கோயிலுக்குப் பின்னால் உடைந்த பெஞ்சும் கிறிஸ்துமஸ் குடில் சாமானும் போட்டுவைத்திருந்த அறை உனக்கு ஞாபகம் இருக்கும், பல்லி இருக்கிறது என்று நீ உள்ளேயே வரமாட்டாய். இந்த வருஷம் புதிதாக வந்திருக்கிற சின்ன ஃபாதர் அதைக் காலி பண்ணி வெள்ளையடித்து, எல்லோருக்கும் பொது அறை என்று கொடுத்துவிட்டார். காலையில் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு, பூசை முடிந்ததும் எங்கள் தாய்மார் சங்கம், சாயங்காலம் பாட்டுக்காரர்கள். அங்கே டீ போட, பாத்திரம் கழுவ, டம்ளர் தட்டு வைக்க ஒரு சின்ன அடுப்படி வேண்டும், ஆனால் பிள்ளைகள் படிக்கும்போது அது கண்ணில் படக்கூடாது என்றார் ஃபாதர். அதாவது கதவைத் திறந்தால் அடுப்படி, சாத்தினால் சாதாரண மர அலமாரி. இதை யார் படம் போடுவது என்று கேட்டபோது எங்கள் சங்கத்துப் பிலோமினா டீச்சர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன், உன் அம்மாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு அன்றைக்கே கிராஃப் தாள் வாங்கி வந்துவிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு முக்கோணமும் செவ்வகமும் வரையச் சொல்லிக் கொடுத்தவளுக்கு, நிஜமாகவே நிற்கிற ஒன்றை வரைய முதல் தடவையாக வாய்ப்பு வந்தது என்று உச்சி குளிர்ந்துவிட்டது.

ஏழடி நீளம், இரண்டடி அகலம். மேடை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று தச்சரைக் கேட்டால் எல்லாருக்கும் ஒரே உயரத்தைச் சொல்வார், அது சரிப்படாது என்று சங்கத்துப் பெண்கள் பதினோரு பேரையும் சுவரோரமாக நிற்கவைத்து, தரையிலிருந்து முழங்கை வரை டேப்பால் அளந்தேன். ஒரே சிரிப்பு. பிலோமினா டீச்சர் அளவைச் சேர்த்தால் சராசரி ஏறிவிடுகிறது, அவரை விட்டுவிடலாமா என்று நான் கேட்க, அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சராசரி மூன்றடி இரண்டங்குலம் வந்தது, அதில் நாலங்குலம் கழித்து மேடை போட்டோம். அடுப்புக்கும் தொட்டிக்கும் கீழே மட்டும் கடப்பா கல், மற்றதெல்லாம் மரம். உடைந்த பெஞ்சுகளின் தேக்கையே இழைத்துக் கதவாக்கினோம், உள்தட்டுகளுக்கு வேம்பு. டம்ளர் வைக்க ஒரு பலகையில் வட்ட வட்டமாகப் பன்னிரண்டு துளை, பதினோரு பேருக்கும் ஃபாதருக்கும். அவரவர் பேர் வெட்டிய டம்ளர், அவரவர் துளையில் கவிழ்த்து வைக்க வேண்டும். நம் வீட்டிலிருந்து உன் முதல் நன்மை விருந்துக்குப் பரிசாக வந்த டம்ளரில் என் பேரை வெட்டிக் கொண்டுபோய் வைத்தேன். படத்தை நான் பென்சிலில் போட்டேன், அப்பா மையால் எழுதினார், ஒவ்வொரு அறைக்கும் பேர் எழுதினார், அவர் கையெழுத்துதான் அச்சு மாதிரி இருக்குமே.

தச்சு வேலை செய்தது சோலை, திருவாதவூர்க்காரர், நாற்பது வயசிருக்கும், தினமும் முதல் பஸ்ஸில் உளிப் பையோடு வந்து இறங்கிவிடுவார். பேச்சு குறைவு, வேலை சுத்தம். என் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, இம்புட்டு சுத்தமா யாரும் எனக்குப் படம் போட்டுக் குடுத்ததில்லை டீச்சர் என்றார், அன்றைக்கு எனக்கு ராத்திரிச் சாப்பாடே இறங்கவில்லை சந்தோஷத்தில். இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன். அந்த அறையின் பின்சுவரில், பின்வாசலை ஒட்டி, ஒரு பழைய சின்ன ஜன்னல் உண்டு. அலமாரி நின்றால் அது மறைந்துவிடும். நான் என்ன செய்தேன் என்றால், அலமாரியின் கடைசி அறையை அந்த ஜன்னல் வாயிலேயே பொருத்தி, அதற்கு உள்பக்கம் கதவில்லாமல் வெளிப்பக்கம், அதாவது பின்வாசல் படிப்பக்கம், ஒரு சின்னக் கதவு போட்டேன். முக்கால் அடி அகலம், ஓரடி உயரம். கோயிலைக் கூட்டி, மணியடித்து, எங்கள் பாத்திரமெல்லாம் கழுவுகிற தங்கப்பொண்ணு தன் டம்ளரை வைக்க. அவள் வெளியே நின்றபடியே கதவைத் திறந்து எடுத்துக் குடித்துக் கழுவி வைத்துக்கொள்ளலாம், அவளுக்கு வசதி என்று நினைத்தேன். அதுவரை அவள் டம்ளர் சுவரோரம் குழாயடியில் கிடந்தது, நாய் நக்கிப் போட்டாலும் கேட்பாரில்லை. நான்தான் யாருக்கும் தோன்றாததை யோசித்துச் செய்கிறேன் என்று எனக்குள்ளே ஒரு பெருமை இருந்தது. உன்னிடம் மறைத்து என்ன, நிறையவே இருந்தது.

அந்த அறையைச் செய்யும் நாளில் சோலை என்னைக் கூப்பிட்டு ஒன்று கேட்டார். இதுக்கு முதுகுப் பலகை அடிக்காமல் உள்பக்கமும் திறப்பாக விட்டுவிட்டால் ஜன்னல் வெளிச்சம் உள்ளே வரும், உள்ளேயிருந்தே டீயை எடுத்து நீட்டிவிடலாம், ஒரு பலகையும் மிச்சம் என்றார். நல்ல யோசனை. வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிச் சொல்லியிருந்தால் எழுப்பி நிற்கவைத்துப் பாராட்டியிருப்பேன். நான் வேண்டாம், அடைத்துவிடுங்கள் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பலகையை எடுத்து அடித்துவிட்டார். ஐரின், இந்த மூன்று வரியை எழுதத்தான் மூன்று தாள் கிழித்தேன்.

அக்டோபர் முதல் ஞாயிறு ஃபாதர் அலமாரியை மந்திரித்து ஆசீர்வதித்தார். ஒவ்வொரு கதவாக நான் திறந்து காட்ட, அவர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். அடுப்படியை மறைக்கிற மடக்குக் கதவைப் பார்த்து எல்லோரும் ஆவென்று வாயைப் பிளந்தார்கள். கடைசியாகப் பின்வாசலுக்கு வந்தபோது அந்தச் சின்னக் கதவைப் பார்த்து, இது எதுக்கு என்று ஃபாதர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் படியோரம் நின்றிருந்த தங்கப்பொண்ணு பதில் சொன்னாள். "என் டம்ளர் வைக்கத்தேன் ஃபாதர். டீச்சரம்மா எனக்குன்னு தனியாச் செய்யச் சொல்லியிருக்காங்க." உடனே எல்லோரும் கைதட்டினார்கள். ஃபாதர் அதிலும் தெளித்துவிட்டுப் போய்விட்டார். நான் அடக்கமானவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு அந்தக் கைதட்டலை முழுசாக வாங்கிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

அதற்கப்புறம் நாலு வாரம் ஒன்றும் தோன்றவில்லை, நன்றாகத்தான் தூங்கினேன். அக்டோபர் கடைசி ஞாயிறு பூசை முடியும்போது நல்ல மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் பன்னிரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, கல்லறைத் திருநாளுக்கு யார் பூ வாங்குவது என்று பேசிக்கொண்டிருந்தோம். பின்வாசல் திறந்திருந்தது. தங்கப்பொண்ணு வெளியே படியில் நின்று சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு கையால் டம்ளரைப் பிடித்து, டீயில் மழைத் தண்ணீர் விழாமல் இன்னொரு கையால் மூடிக்கொண்டு குடித்தாள். உள்ளே வா என்று ஒருத்தரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று நினைத்தேன் என்றுகூட இல்லை, எனக்கு அது கண்ணில் படவே இல்லை, மழையில் நனைகிற மரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு பூ விலை பேசினேன். அன்றைக்கு சோலையும் வந்திருந்தார். ஒரு கதவு சாத்த மாட்டேன் என்கிறது என்று நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். போய்ப் பார்த்தால் அந்தச் சின்னக் கதவுதான், மழையில் ஊறி உப்பிப்போய்விட்டது. சோலை அதைக் கழற்றி இழைத்துக்கொண்டே, தலை நிமிராமல் என்னிடம் சொன்னார். "உள்ள இருக்கிற கதவு ஒண்ணும் ஊறலை டீச்சர். இது மட்டுந்தேன் வெளியில நிக்குது." அவ்வளவுதான் சொன்னார். அவர் மரத்தைப் பற்றித்தான் சொன்னாரோ என்னவோ எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை எடுத்து விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கணக்கு டீச்சர் அல்லவா, என்னை நானே மடக்கினேன். அவளுடைய வசதிக்காகத்தான் என்றால் முதுகுப் பலகை எதற்கு? வெளிச்சமும் வரும், டீயும் நீட்டலாம், பலகையும் மிச்சம், மூன்று லாபத்தையும் விட்டுவிட்டு ஏன் அடைக்கச் சொன்னாய்? அந்த டம்ளர் இருக்கிற இடமும் எங்கள் டம்ளர் இருக்கிற இடமும் ஒன்றாகிவிடக்கூடாது என்பதைத் தவிர வேறு விடை இல்லை, எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் அதுவேதான் வருகிறது. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. பதினோரு பேருடைய முழங்கையை அளந்தேனே, அந்தத் தொட்டியில் தினமும் நின்று கழுவப்போகிற ஒருத்தியை அளக்கவே இல்லை. தங்கப்பொண்ணு குள்ளம். மேடை எட்டாமல் ஒரு செங்கல்லைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று கழுவுகிறாள், நான் அந்தச் செங்கல்லைப் பார்த்து இடறிவிடப் போகிறது, ஓரமாகப் போடு என்று சத்தமும் போட்டிருக்கிறேன். எங்கள் டம்ளர் எல்லாவற்றையும் கழுவுவது அவள்தான். அவள் கை பட்ட டம்ளரில் நாங்கள் எல்லோரும் குடிக்கலாம், அவள் வாய் பட்ட டம்ளர் மட்டும் வெளியே இருக்க வேண்டும். இதில் என்ன கணக்கு இருக்கிறது சொல். அப்பாவிடம் சொன்னேன். அவர் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தான் அழகாக எழுதிய த.பொ. டம்ளர் என்ற எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மையில எழுதுனது நான், எனக்கும் தோணலையே மேரி என்றார். அன்றைக்கு அவர் கருவாடு கேட்கவில்லை.

உனக்கு ஒன்பது வயசிருக்கும். நாம் பழைய வீட்டில் இருந்தபோது பாத்திரம் தேய்க்க வந்த செல்லக்கிளியின் டம்ளர் கொல்லைப்பக்கம் மாடத்தில் இருக்கும். நீ விளையாடிவிட்டு வந்து தாகத்தில் அதை எடுத்துக் குழாயில் பிடித்துக் குடித்துவிட்டாய். நான் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. உன் கையிலிருந்து அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, உன் கையையும் வாயையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். செல்லக்கிளி அங்கேயே உட்கார்ந்து சாம்பலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏம்மா என்று நீ கேட்டாய். அது அவங்க டம்ளர், அவங்க வசதிக்கு வச்சிருக்கு என்று சொன்னேன். இருபது வருஷம் கழித்து அதே வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு அலமாரியே கட்டியிருக்கிறேன். உனக்கு அது ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தால் என்னிடம் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாமே என்று முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது பார், என் புத்தி போகிற போக்கை.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாம் என்று போனேன். மண்டி போட்டு ஃபாதரிடம், கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன், வெள்ளிக்கிழமை மறந்துபோய் முட்டை சாப்பிட்டேன் என்று வழக்கமான பட்டியலை ஒப்பித்துவிட்டு, பரிகாரமாகச் சொல்ல மூன்று அருள்நிறைந்த மந்திரம் வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். அதற்கப்புறம்தான் சோலையிடம் போய் அந்த அறையையே கழற்றிவிடுங்கள், ஜன்னலை ஜன்னலாக விட்டுவிடலாம் என்று சொன்னேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. தங்கப்பொண்ணு அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க டீச்சர், அதுல அவங்க சாமானுல்ல இருக்கு என்றார். அந்த மனுஷனுக்குத் தோன்றுவது எனக்குத் தோன்றுவதில்லை.

புதன்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். திருப்பரங்குன்றத்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். பதினாலு வருஷமாக நம் கோயிலைக் கூட்டுகிறாள், வீடு எங்கே என்று அன்றைக்குத்தான் விசாரித்தேன். அவள் அவள் என்றே எழுதிக்கொண்டு வருகிறேன் பார், என்னைவிட இரண்டு வயசு மூத்தவர், அதுவும் அன்றைக்குத்தான் தெரிந்தது. வாங்க டீச்சர் என்று பாய் விரித்தார். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறீங்களா என்று அவர் கேட்கவே இல்லை. நம் பக்கத்தில் தண்ணீர் கொடுக்காமல் யார் வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும்? மரியாதை தெரியாதவர் இல்லை. கேட்டு நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கும் சங்கடம் என்றுதான் கேட்கவில்லை, அது எனக்கு நன்றாகப் புரிந்தது. ஸ்டேஷனிலிருந்து வெயிலில் நடந்து போயிருந்தேன், நாக்கு ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் தண்ணி குடுங்க என்று நானாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை ஐரின், கேட்க வாய் வரவில்லை.

தப்பு பண்ணிட்டேன், அந்தப் பெட்டியைக் கழற்றிவிடுகிறேன் என்று சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைத் தேற்றுவார் என்று உள்ளுக்குள்ளே எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் தேற்றவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், அதை நிறுத்தவும் இல்லை. "கழட்டுனா உங்களுக்கு மனசு லேசாயிரும் டீச்சர். என் டம்ளரை எங்கிட்டு வைப்பீங்க? திரும்பக் குழாயடிக்குத்தேன் போகும். அந்தப் பொட்டி கெடக்கட்டும். உங்க டம்ளரை அதுல வைங்க, என் டம்ளரை உள்ள உங்க ஓட்டையில வைங்க. அம்புட்டுத்தேன்." கோபமாகச் சொல்லவில்லை, அரிசி விலை சொல்கிற மாதிரி சொன்னார். அப்படியானால் கைதட்டின அன்றைக்கு ஏன் சந்தோஷமாகச் சொன்னீர்கள் என்று கேட்டேன். எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கையில வேற என்ன சொல்லச் சொல்றீங்க என்றார். சரி, வர்ற ஞாயித்துக்கிழமை மாத்தி வச்சிடுறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வழியில் கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்தேன், அது தொண்டையில் இறங்கின விதத்தை உனக்கு எப்படி எழுதுவது.

போன ஞாயிறு முதல் பூசைக்கே போய்விட்டேன். அறையில் யாரும் இல்லை. தங்கப்பொண்ணு பின்பக்கம் கூட்டிக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தை நிறுத்தினார். நான் பலகையில் என் துளையிலிருந்து டம்ளரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். பின்வாசலுக்கு நாலு எட்டுதான். அதற்குள் பிலோமினா டீச்சர் இன்னும் இரண்டு பேரோடு பேசிக்கொண்டே உள்ளே வந்து, என்ன டீச்சர், அதுக்குள்ள டம்ளரும் கையுமா, டீ இன்னும் கொதிக்கவே இல்லையே என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே டம்ளரைக் கொண்டுபோய் இருந்த துளையிலேயே கவிழ்த்து வைத்துவிட்டேன். அப்புறம் அதிலேயே டீயும் குடித்தேன். தங்கப்பொண்ணு வழக்கம்போல வெளியே கதவைத் திறந்து, தன்னுடையதை எடுத்துக் குடித்துக் கழுவி வைத்துவிட்டுப் போனார். என்னைப் பார்க்கவில்லை. முறைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிறகு பிலோமினா டீச்சரிடம் பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தேன், அவளே சந்தோஷமாத்தான இருக்கா, நீங்க ஏன் இதைப் போயி பெரிசாக்குறீங்க என்றார். எனக்கு எதற்குப் பயம் என்று ஆறு நாளாக யோசித்தேன். மற்றவர்கள் டீ குடிக்க வராமல் போவார்கள் என்பதுகூட இல்லை. அந்தக் கோயிலில் முப்பத்திரண்டு வருஷமாக டீச்சர் டீச்சர் என்று எழுந்து நின்று இடம் கொடுத்தவர்கள் முன்னால், பின்வாசல் படியில் டம்ளரோடு நிற்கிறவளாக நான் இருக்க வேண்டுமே என்றுதான். எனக்கு நிற்க இவ்வளவு கூசுகிற இடத்தில் இன்னொருத்தரை வசதி என்று சொல்லி நிற்கவைத்தேன். இதைவிட வெட்கக்கேடு என் ஆயுசில் நான் பண்ணினதில்லை.

இதற்கு நடுவில் உனக்கு ஒரு வரன் வந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். திருச்சிப் பக்கம், பையன் கம்ப்யூட்டர், நல்ல நிறம், கோயிலில் ஆர்கன் வாசிப்பானாம். கடிதத்தில் இரண்டாவது வரியிலேயே நாங்களும் உங்கள் ஆட்கள்தான், விசாரித்துவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். போன வருஷம் என்றால் அந்த வரியைத்தான் முதலில் தேடியிருப்பேன். இப்போது அதற்கு மேல் படிக்க முடியாமல் மடித்து அப்பாவின் மேஜை டிராயரில் போட்டுவிட்டேன். உனக்கு வயசாகிறதே என்ற கவலை ஒரு பக்கம் அரிக்கத்தான் செய்கிறது. உனக்கே மனசில் யாராவது இருந்தால் எழுது. யார் என்ன என்று நான் முதலில் என்ன கேள்வி கேட்பேன் என்று பயந்துதான் நீ இதுவரை சொல்லாமல் இருக்கிறாயோ என்று இப்போது தோன்றுகிறது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முயற்சி பண்ணுகிறேன், சத்தியம் பண்ணமாட்டேன், என்மேல் எனக்கே அவ்வளவு நம்பிக்கை போதவில்லை.

மற்றபடி இங்கே வேறு விசேஷம் இல்லை. அங்கே ஈரத் தலையோடு வெளியே போகாதே. பிரெட்டைத் தின்று காலம் தள்ளாமல் ஒரு வேளையாவது சோறு பொங்கிச் சாப்பிடு. நாலு பேர் சேர்ந்து ஒரே அடுப்படியில் சமைக்கிறீர்கள் என்று சொன்னாயே, உன் மிளகாய்ப் பொடி நெடி மற்றவர்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டுக்கொள், ஜன்னலைத் திறந்து வை. அப்பா உனக்கு ஒரு ஸ்வெட்டர் பார்சல் பண்ண வேண்டும் என்கிறார், மதுரைக் கடையில் கிடைக்கிற ஸ்வெட்டர் டப்ளின் குளிருக்குத் தாங்குமா என்று கேட்டதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், அடுத்த தடவை அவரிடம் ஸ்வெட்டர் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. உன் காவல் தூதராகிய சம்மனசு உன்னைவிட்டு நீங்காமல் இருக்கட்டும், உன் கை தொட்ட நோயாளிகள் எல்லோரும் சுகப்படட்டும், உனக்கு ஆண்டவர் நல்ல வாழ்க்கையை அமைத்துக் கொடுக்கட்டும்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர பத்து நாள் ஆகும். அதற்குள் நாளைய ஞாயிறும் அடுத்த ஞாயிறும் போயிருக்கும். இதைப் படித்த பிறகு நீ போன் பண்ணும்போது நான் வழக்கம்போல சாப்பிட்டாயா, சால்வை போட்டாயா என்று ஆரம்பிப்பேன். அதற்கெல்லாம் பதில் சொல்லாதே. என் முழங்காலைப் பற்றி விசாரிக்காதே, அப்பாவிடம் போனைக் கொடுத்துவிடவும் விடாதே. உன் டம்ளர் எங்கே இருக்கும்மா என்று முதலில் கேள். நான் இழுத்தால், போனை வைத்துவிடு.

உன் அம்மா,
அற்புதமேரி.